டீமேக்கர் ஐயா துப்பிய வைன்

அன்றைக்கு எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கொஞ்ச நாளுக்கு முன் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கூரைத் தகரம் பறந்த கதையை எழுதியபோது, அந்தத் திசையையே எட்டிப் பார்க்காத இரண்டு பேர், தாங்கள்தான் தகரத்தைப் பிடித்ததாகக் கொட்டகலை பஸாரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இந்த முறை அதற்கு இடம் கொடுப்பதாக இல்லை.

எங்கள் பக்கம் ஐந்து பேர். நான். என் மனைவி பாக்கியம். உள்ளறையில் சேலை கட்டிக்கொண்டு கதவிடுக்கால் எங்களை வேவு பார்த்த மகள் தர்ஷினி. பாக்கியத்தின் தம்பி செல்வம், த்ரீவீல் ஓட்டுகிறவன், தாய்மாமன். அவன் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் பேச முடியாது. அவன் இருந்தால் எதுவும் ஒழுங்காக முடியாது. ஐந்தாவது, எங்கள் தோட்டத்து பெக்டரியில் ஆயுசெல்லாம் தேயிலை ருசி பார்த்து ஓய்வு பெற்ற டீமேக்கர் தேவசகாயம் ஐயா.

அவர்கள் பக்கம் மூன்று பேர். மாப்பிள்ளைப் பையன் ரமேஷ், அவனுடைய அப்பா, அவனுடைய அம்மா. வேன் டிரைவர் வேனிலேயே தூங்கிவிட்டதால் கணக்கில் இல்லை.

இவர்களைத் தவிர இரண்டு போத்தல் வைன். சிவப்பு முன்னறை மேசையில், பூப்போட்ட துணியின் மேல். மஞ்சள் குசினியில், அரிசி வாளிக்குப் பின்னால்.

ரமேஷின் அப்பா தம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே மலை முழுக்க மூடுபனி. வெளிச்சம் என்று சொல்ல அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

“நல்ல கலரு,” என்றார்.

எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் உள்ளங்கை வேர்க்கிற ஆள் இந்தப் பக்கத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த ஒரு வாய் வைன் அவர் தொண்டையில் எப்படி இறங்குகிறதோ அப்படித்தான் என் மகளின் கல்யாணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

வைன் மட்டும்தான்

தர்ஷினி ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். ரமேஷ் கொழும்பில் பெரிய ஹோட்டல் ஒன்றில் மேசைக்குப் பரிமாறுகிற வேலை. இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கவலை மட்டும்தான்.

பையனின் அப்பா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். வாலிப வயதில் கொழும்புக்குப் போய், இப்போது வத்தளையில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய். தோட்டத்தில் பெண் எடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. அவர் தங்கை, அக்கா, மனைவி எல்லோருமே தோட்டத்தில் பிறந்தவர்கள்தான் என்பதை அந்தக் கொள்கை கண்டுகொள்ளவில்லை.

“அவங்க அப்பா அரை மனசாத்தான் வர்றாராம். ஒரு கொறை கெடைச்சா எந்திரிச்சிப் போயிருவாராம்,” என்று தர்ஷினி சொன்னாள். ரமேஷின் அம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்று அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாதாம்.

அதற்கு அடுத்த நாள் ரமேஷிடமிருந்து மகளின் போனுக்கு இன்னொரு செய்தி வந்தது. அப்பா சாராயம் தொட மாட்டார். வைன் மட்டும்தான். அதுவும் கொஞ்சம்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதை மட்டும் விடவில்லை; அந்தப் பாடத்தில் மேல்படிப்பு வரைக்கும் போயிருக்கிறேன். வைன் என்றதும் என் தலைக்குள் என்னென்ன ஓடியது என்றால்: எந்த வைன், எந்தக் கிளாஸ், சூடாகவா பச்சையாகவா, முதலில் வைனா முதலில் சாப்பாடா, அவர் இன்னும் கேட்டால் என்ன செய்வது, கேட்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்.

“சாராயம் கேட்டிருந்தா ஒரு கஷ்டமும் இல்லயே,” என்றாள் பாக்கியம். “அதுதான் எங்க தம்பி வாயத் தொறந்தாலே வருதே.”

இது போதாதென்று அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் பௌர்ணமி. பஞ்சாங்கத்தில் நல்ல நாள். அரசாங்கத்தின் நாட்காட்டியில் போயா விடுமுறை; மதுக்கடையும் பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. எது வாங்குவதென்றாலும் முன்கூட்டியே வாங்க வேண்டும். பிழையாக வாங்கினால் மாற்ற முடியாது.

வைன் இல்லாத வைன் ஸ்டோர்ஸ்

நம் நாட்டில் எந்த டவுனுக்குப் போனாலும் “வைன் ஸ்டோர்ஸ்” என்று ஒரு பலகை இருக்கும். கம்பிவலை போட்ட ஜன்னல், அதில் ஒரு கை போகிற அளவுக்கு ஓட்டை, ஓட்டைக்கு முன்னால் ஆண்கள் வரிசை. ஒருவரையொருவர் தெரியாதது மாதிரி நிற்பார்கள். ஹட்டனிலும் அப்படித்தான்.

கால் போத்தல், அரைப் போத்தல், ஒரு பியர் என்று வரிசை சுறுசுறுப்பாக நகர்ந்தது. என் முறை வந்தது.

“வைன் ஒரு போத்தல்,” என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

உள்ளே இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். பின்னால் வரிசை கழுத்தை நீட்டியது.

“வைனா?” என்றார் அவர்.

“வைன் ஸ்டோர்ஸ்தானே இது?”

அவர் வெளியே இருந்த பலகையை நினைத்துப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற ஆள் என் தோளைத் தொட்டு, மெதுவாக, அக்கறையாகத்தான், “அண்ணே, வீட்டுல புள்ள பொறந்திருக்கா?” என்று கேட்டார்.

மூடியால் அளந்த காலம்

அந்த மனிதர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஆட்களுக்கு வைன் என்றால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சாமான். பார்மசியில் டொனிக் என்று விற்பார்கள்.

தர்ஷினி பிறந்தபோது நானும் வாங்கினேன். பாக்கியம் உடம்பில் இரத்தமே இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அப்போது எங்களுக்கு லயத்தில் ஒரே ஒரு அறை, காம்பரா என்போம். போத்தலின் மூடிதான் அளவு. காலை ஒரு மூடி, பொழுது சாய ஒரு மூடி. கூடவே பத்தியச் சாப்பாடு: சோறு அல்லது ரொட்டி, சுட்ட நெத்தலிக் கருவாடு, மிளகு, பூண்டு. வேறு எதையும் தொடவிடவில்லை.

நாட்கள் போகப் போக எனக்கு ஒரு கவலை வந்தது. மூடி இரண்டு என்று சொன்ன கணக்குக்கும் போத்தல் இறங்குகிற வேகத்துக்கும் பொருந்தவில்லை. செல்வத்தைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் வீட்டுக்குள் விடவில்லை. அவனும், செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு பேச்சா என்று அழாத குறையாகப் போனான். பாக்கியம் கன்னத்தில் சிவப்போடு படுத்திருந்தாள். இரத்தம் ஊறுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மேல்தட்டில் இருந்த இரண்டு பேர்

வைன் ஸ்டோர்ஸ்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். மேல்தட்டில், பழைய கிறிஸ்மஸ் ஜிகினாத் தாளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, இரண்டு போத்தலை எடுத்தார். இரண்டிலும் ஊதினார். வரிசையில் இருந்தவர்கள் தும்மினார்கள்.

ஒன்று சிவப்பு. லேபிளில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. மிச்சத்தில் ஒரு மலையும் ஒரு பங்களாவும் தெரிந்தன.

“எந்த நாட்டு வைன்?” என்றேன்.

“வெளிநாடு.”

“எந்த வெளிநாடு?”

“கரப்பானைத்தான் கேக்கணும் மல்லி,” என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. லேபிள் போனதால் விலையைக் குறைத்து நாலாயிரத்து இருநூறு ரூபா என்றார்.

மற்றது மஞ்சள். தேன் நிறம். நம் நாட்டிலேயே அன்னாசியில் செய்தது. ஆயிரத்து அறுநூற்று ஐம்பது.

“இதைக் கொண்டு போங்க. நல்ல சாமான். ஒருத்தரும் கேக்கிறதில்ல, அதுதான் கொறை.”

ஒருவரும் கேட்காத சாமானை மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படி வைப்பது? இருந்தாலும் சிவப்பு வழியில் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டையும் வாங்கினேன். என் வாழ்க்கையில் நல்லதென்று நடந்தவற்றில் பாதி, பயத்தில் நான் கூடுதலாக வாங்கியவற்றால் நடந்ததுதான்.

போத்தல்களைப் பேப்பரில் சுற்றி, பைக்குள் லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவே நிறுத்தி பஸ்ஸில் வந்தேன். கொட்டகலையில் இறங்கும்போது பக்கத்து சீட்டு அம்மா, “லீக்ஸ் இன்னிக்கு இவ்வளவு சத்தம் போடுதே,” என்றார்.

பாலை ஊற்றிப் பார்த்தது

எது நல்ல வைன் என்று சொல்ல எங்கள் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது, டீமேக்கர் ஐயாவைத் தவிர எனக்கு யாரும் தோன்றவில்லை. நாக்கால் சம்பாதித்தவர். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இந்தத் தேயிலை எந்த மலையில் எடுத்தது, எத்தனை நிமிஷம் கூடுதலாக அடுப்பில் இருந்தது என்று சொல்லிவிடுவார் என்று பெக்டரியில் பேச்சு. நான் அங்கே தேயிலை காயவைக்கிற அடுப்படியில் வேலை செய்கிறவன். கூடுதலாக இருந்த நிமிஷத்துக்கு ஏச்சு வாங்கியவனும் நான்தான்.

முதல் நாள் பின்னேரம் ஐயா வந்தார். கையில் ஒரு பெட்டி. ஓய்வு பெறும்போது கொடுத்த வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு வெள்ளிக் கரண்டி. எச்சில் துப்ப எங்கள் பால்டி.

போத்தல் கார்க் போட்டு அடைத்திருந்தது. அதைத் திறக்கிற சாமான் எங்கள் வீட்டில் எப்படி இருக்கும்? செல்வம் த்ரீவீலிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றிவந்து, கார்க்கில் இறக்கி, குறட்டால் இழுத்தான். அன்றைக்கு மட்டும் அவனை யாரும் ஏசவில்லை.

ஐயா கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து, கரண்டியால் அள்ளி, சர்ரென்று உறிஞ்சினார். தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். கன்னத்துக்குள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உருட்டினார். பிறகு பால்டியில் துப்பினார்.

செல்வம் எழுந்து நின்றுவிட்டான்.

“ஐயா, அத முழுங்கினா என்னங்க?”

“முழுங்கினா நாக்கு பொய் சொல்லும்.”

“நாலாயிரத்து எரநூறு ரூபாயத் துப்புறீங்களே ஐயா.”

ஐயா அவனைப் பார்க்காமல், “பாலு,” என்றார்.

பெக்டரியில் அதுதான் முறை. தேயிலைச் சாயத்தில் கொஞ்சம் பால் ஊற்றினால், நிறம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத் தேயிலையின் தரம் சொல்வார்கள். பாக்கியம் பால் கொண்டுவந்தாள். ஐயா வைனில் ஊற்றினார். பால் ஒரு நொடி யோசித்தது. பிறகு நூல் நூலாகத் திரிந்து, கிழிந்த துணி மாதிரி அடியில் போய்ப் படுத்தது.

ஐயா கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாலு சரியில்ல,” என்றார்.

பால்மா கரைத்துக் கொடுத்தோம். அதுவும் திரிந்தது.

“பால விட்டுருவோம்,” என்றார் ஐயா.

அடுத்து மஞ்சள். அதற்குத் திருகாணி தேவைப்படவில்லை, திருகு மூடி. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. உறிஞ்சினார், துப்பினார். “இது பச்சத்தண்ணியில சீனி. நாக்கைப் புடிக்கவே இல்ல.” சிவப்பைக் காட்டி, “இது புடிக்குது பாருங்க. மேல் அண்ணத்துல கம்பளிய விரிச்ச மாதிரி. ஒயர மலைக் கொழுந்துக்குத்தான் இந்தப் புடி இருக்கும். இதுதான் சரக்கு.”

நானும் ஒரு வாய் குடித்தேன். என் பற்களெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் ஐயா சொன்ன பிறகு நான் யார்?

எந்தச் சாப்பாட்டுக்கு எது

ரமேஷ் இன்னொரு குறிப்பும் அனுப்பியிருந்தான். சிவப்பு வைனுக்கு இறைச்சி வைக்க வேண்டும், மீன் கூடாது.

“கருவாடு?” என்று கேட்டாள் பாக்கியம்.

“அதப் பத்தி ஒண்ணும் போடல,” என்றாள் தர்ஷினி.

“பைட்ஸுக்கு ஒரு சட்டமா?” என்றான் செல்வம். எங்கள் பக்கத்தில் குடிக்கும்போது கடிப்பதற்கு வைப்பதை பைட்ஸ் என்போம். அவித்த கடலை, பொரித்த ஈரல், மாங்காய்த் துண்டு. எந்தக் குடிக்கு எந்தக் கடி என்று இதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. எது கிடைக்கிறதோ அது.

நாட்டுக்கோழி ஒன்றை முன்கூட்டியே வாங்கி, மனைவி அதை மாப்பிள்ளை வீட்டு மரியாதைக்கு ஏற்றபடி சமைத்தாள். எங்கள் வீட்டில் மரியாதையைக் காட்டுவது செத்தல் மிளகாயில்தான்.

எங்களுக்கென்று குசினியில் தனியாக ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச்சம்பல், நெத்தலிக் கருவாடு. விருந்தாளிகளுக்கு வைத்தது குறைந்தால் வீட்டுக்காரர்கள் சாப்பிடுவதற்கு.

மேசையில்

இனி அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கு வருகிறேன்.

அவர்கள் காலையில் இறம்பொடை அனுமார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். ரமேஷின் அப்பா தடித்த ஜாக்கெட், காதை மூடிய தொப்பி. “என்னா குளிரு இது. எப்பிடித்தான் இருக்கீங்களோ,” என்று உள்ளே வரும்போதே கேட்டார், இந்தக் குளிரிலேயே பிறந்தவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வீடு ஏழு பேர்ச் சின்னக் காணியில் கட்டின புது வீடு. சுவர் இன்னும் பூசவில்லை.

“பெயின்ட் அடிக்கலயா?” என்றார். கடைக்காரர் கேட்டாரா, சம்பந்தி கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு ஊற்றலாமா என்று நான் தயங்கினேன். “வைன்தானே,” என்றார் அவர் பெருந்தன்மையாக. ரமேஷின் அம்மா எழுந்து, பெண்கள் பக்கம், குசினிக்குப் போனார். கேட்டால் பதில் சொல்லாத முகம். எனக்கு அது இன்னொரு கவலை.

ரமேஷின் அப்பா நிறம் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணிமை இரண்டும் ஒரு தடவை துடித்தன.

“நல்ல வைன். கொழும்புல இதெல்லாம் கெடைக்காது.”

அதற்குப் பிறகு கோழிக்கறியில் ஒரு துண்டை வாயில் போட்டார். அங்கேதான் பிழை நடந்தது. அந்த வைன் நாக்கில் விரித்த கம்பளியின் மேல் பாக்கியத்தின் மிளகாய் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. தீப்பிடித்தது. அணைப்பதற்கு அவர் இன்னும் வைன் குடித்தார். அது எண்ணெய் ஊற்றின மாதிரி. கண்ணில் தண்ணீர் நிற்க, சிரித்துக்கொண்டே, “காரம் கொஞ்சம் இருக்குது,” என்றார். நானும் குடித்தேன், நானும் சிரித்தேன். செல்வமும் சிரித்தான். ரமேஷ் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் டீமேக்கர் ஐயா தன் தம்ளரை எடுத்தார். முகர்ந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். ஆயுசுப் பழக்கம், அவர் கை தானாக வேலை செய்தது. சர்ரென்று உறிஞ்சினார். அந்தச் சத்தத்தில் உள்ளறைக் கதவு ஒரு அங்குலம் திறந்தது. உருட்டினார். கை கழுவ வைத்திருந்த பேசனை அருகே இழுத்தார். துப்பினார்.

சம்பந்தம் பேச வந்த இடத்தில், பொது மேசையில், பெண் வீட்டார் தரப்பில் மூத்தவர் ஒருவர், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வைத்த வைனைத் துப்பிவிட்டார். என் மகளின் கல்யாணம் அந்தப் பேசனில் சிவப்பாக மிதந்தது.

ரமேஷின் அப்பா ஐயாவைப் பார்த்தார். பேசனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பெரிய ஹோட்டலில் வேலை செய்கிற மகன் முகத்தை அசைக்கவில்லை. அப்பாவுக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது. தம்ளரை எடுத்தார், சர்ரென்று உறிஞ்சினார், ஐயாவை விடச் சத்தமாக. உருட்டினார். பேசனில் துப்பினார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் காணவில்லை.

“அப்பிடித்தான் செய்யணும்,” என்றார், எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி. “நெறைய பேருக்கு இது தெரியாது.”

விழுங்காமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததில் நானும் துப்பினேன். செல்வம் மட்டும், மாப்பிள்ளை வீட்டார் செய்யும்போது தாய்மாமன் செய்யாமலிருக்க முடியாதே என்ற துக்கத்தோடு, கடைசியாகத் துப்பினான். நான்கு ஆண்கள், ஒரு பேசன். வாசலில் நின்று யாராவது பார்த்திருந்தால் வீட்டில் ஏதோ தொற்றுநோய் என்று நினைத்திருப்பார்கள்.

குழாயடியில்

கை கழுவப் போனபோது ரமேஷின் அப்பா என் பின்னாலேயே குழாயடிக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அண்ணே, வேற ஒண்ணும் இல்லீங்களா?”

“வேறன்னா?”

“வேறதான்.”

செல்வம் எங்கிருந்து முளைத்தான் என்று தெரியவில்லை. “த்ரீவீல் சீட்டுக்குக் கீழ இருக்குது மச்சான். அரைப் போத்தல். நேத்தே எடுத்து வச்சேன்,” என்றான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பொறுப்பான ஆள் மாதிரி.

இது சோதனையா? கொடுத்தால், குடிகார வீடு என்று எழுந்து போவாரா? கொடுக்காவிட்டால், மரியாதை தெரியாத வீடு என்று போவாரா? எந்தப் பக்கம் போனாலும் வேன் வாசலில்தான் நின்றது.

“அப்பா, ஒங்கள டிரைவர் தேடுறாரு,” என்று ரமேஷ் வந்து நின்றான். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். ரமேஷ் என்னைக் கோழிக்கூட்டுப் பக்கம் கூட்டிப் போனான்.

“மாமா, குடுத்துறாதீங்க. அப்பாவுக்கு வைனே பழக்கமில்ல. நான்தான் அப்பிடிச் சொன்னேன்.”

“ஏன் தம்பி?”

“ரெண்டு கிளாஸ் சாராயம் போனா, பழைய சண்டையெல்லாம் எழுப்புவாரு. அக்கா கல்யாணம் பேசப் போன எடத்துல மேசையத் தூக்கிப் போட்டாரு. அந்த சம்பந்தம் அப்பிடியே போச்சு. வைன்னா அதிகம் போகாதுன்னுதான்…” என்று நிறுத்தினான். “அதுவும் நீங்க வாங்கினது சரியான வைன், மாமா. ஒரு தம்ளரைத் தாண்ட முடியாது.”

“துப்பினது?”

“அது சரிதான் மாமா. பெரிய ஆளுங்க வந்து ருசி பாக்கிறப்ப அப்பிடித்தான் துப்புவாங்க.”

இத்தனை நாளும் நான் பயந்தது வேறு, அந்தப் பையன் பயந்தது வேறு. அவனைப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். என் மகள் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

செல்வத்திடம் போய், சீட்டைத் திறந்தால் அக்காவைக் கூப்பிடுவேன் என்றேன். அவன் திறக்கவில்லை.

குசினியிலிருந்து வந்த சிரிப்பு

முன்னறையில் மறுபடி உட்கார்ந்தோம். பேச்சு ஓடவில்லை. ரமேஷின் அப்பா பூசாத சுவரை மறுபடி பார்க்கத் தொடங்கினார். “இந்தத் தூரத்துக்கு அடிக்கடி வந்துபோறது கஷ்டம்தான்,” என்றார். அது எந்தத் திசையில் போகிற பேச்சு என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் குசினியிலிருந்து சிரிப்பு வந்தது. ஒரு பெண் சிரிக்கிற சிரிப்பு இல்லை, இரண்டு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிற சிரிப்பு.

எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் பலகை போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரொட்டி, கட்டச்சம்பல், கருவாடு. கையில் டீ குடிக்கிற தம்ளர். தம்ளரில் தேன் நிறம். ஐயா தள்ளிவிட்ட அன்னாசி வைன் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

ரமேஷின் அம்மா ஒரு நெத்தலியை எடுத்துக் கடித்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினார்.

“அதே ருசிதான் மதினி. இவன் பொறந்தப்ப இறம்பொடையில எங்கம்மா இப்பிடித்தான் குடுத்துச்சு. மூடி மூடியா.”

“மூடியாவா?” என்றாள் பாக்கியம். “நான் இவரு பெக்டரிக்குப் போனதும் தம்ளர்லதான் ஊத்துவேன். இவரு பாவம், எந்தம்பி திருடுறான்னு அவனை வீட்டுக்குள்ளயே விடல.”

இரண்டு பேரும் மறுபடி சாய்ந்தார்கள். என் பின்னால் செல்வம் வந்து நின்றிருந்தான். என் முதுகில் அவன் பார்வையை மட்டும் உணர்ந்தேன்.

மிளகாயும் உப்பும் ஏறிய கருவாட்டின் மேல் அந்த இனிப்பு போய் விழும்போது என்ன ஆகிறது என்று பிறகு நானும் பார்த்தேன். உறைப்பு அடங்குகிறது, ஆனால் போவதில்லை. உப்பு அன்னாசியை இன்னும் அன்னாசியாக்குகிறது. எங்கள் பெண்களுக்கு இது பிள்ளை பெற்ற அன்றே தெரிந்திருக்கிறது. மருந்து என்று பெயர் வைத்து எங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள்.

ரமேஷின் அம்மா தம்ளரோடு முன்னறைக்கு வந்தார். கன்னம் சிவந்திருந்தது. கணவரைப் பார்த்து, “தை மாசம் வச்சிருவோம்,” என்றார்.

“என்னத்த?”

“கல்யாணத்ததான். வேற எதுக்கு வந்தோம்?”

“இல்ல, நான் இன்னும் ஒண்ணும்…”

“நீங்க அந்தப் பேசன்ல துப்பிக்கிட்டு இருங்க. நாங்க பேசி முடிச்சிட்டோம்.” பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டு, தன் தம்ளரை அவரிடம் நீட்டினார். கூடவே ஒரு நெத்தலி. அவர் கடித்தார், குடித்தார். துப்பவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

“எங்கம்மா இதக் கட்டில் அடியில வச்சிருந்துச்சு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பூசாத சுவரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு எழவில்லை.

உள்ளறைக் கதவு முழுதாகத் திறந்தது. டீமேக்கர் ஐயா மட்டும் கடைசி வரைக்கும், “அதுல புடிமானமே இல்லயே,” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மிச்சம்

கல்யாணம் தை மாதத்திலேயே நடந்தது. பெண்கள் பந்திக்கு அன்னாசி வைனும் நெத்தலியும் வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா பிடிவாதம். செலவில் பாதி தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வைன் ஸ்டோர்ஸ்காரர் மேல்தட்டைக் காலி செய்து, கொழும்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார். பதினான்கு போத்தல். ஒரே தடவையில் கொண்டுவந்தால் வழியில் பொலிஸ் கேட்கும் என்று பயந்து, ஏழு ஏழாகச் செல்வத்தின் த்ரீவீலில் இரண்டு தடவை கொண்டுவந்தேன். இரண்டு தடவையும் மூடியை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் அதற்கும் ஒரு அரைப் போத்தல் கேட்டான்.

அந்தப் பாதிக் காசு இன்னும் வரவில்லை. கேட்கலாம்தான். ஆனால் மகள் இப்போது அந்த வீட்டில் இருக்கிறாள், மருமகளோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் கருவாடு சுடுகிறாராம், நன்றாக இருக்கிற ஒன்றை நான் போய்க் கேட்டுக் கெடுத்துவிட்டால்? பாக்கியம், “மதினி மறந்திருப்பாங்க, விடுங்க,” என்கிறாள். மறந்திருப்பாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று நான் ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறேன்.

சம்பந்தியம்மா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர் என்று தர்ஷினி சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை எழுதும்போது தொகையையும் எழுதுவதுதானே முறை: பதினோராயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபா.